நான்காம் வார்த்தை

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

புதுப் போதகரம்மா சபையில் ஆளுக்கொரு நோட்டு கொடுத்திருக்கிறார். லெந்து என்ற தவ நாட்கள் முடிந்து ஈஸ்டர் வரும் வரைக்கும், தினமும் ‘இன்று ஆண்டவர் என்னோடு பேசியது’ என்று எழுத வேண்டுமாம்.

இன்று ஆண்டவர் என்னோடு ஒன்றும் பேசவில்லை. கேஸ் ஏஜென்சிக்காரர்தான் பேசினார். சிலிண்டர் சனிக்கிழமை வருமாம்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. பள்ளிக்கூட வேதியியல் லேபில் நான் உதவியாளராகச் சேர்ந்து இருபத்தோரு வருடம் ஆகிறது. இன்று ஐம்பத்து மூன்று உப்புப் பாட்டில்களுக்குப் புது லேபிள் ஒட்டினேன். “எப்சிபாம்மா, எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு” என்றார் கெமிஸ்ட்ரி சார். எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை சார், உள்ளே இருப்பதும் வெளியே எழுதியதும் ஒன்றாக இருந்தால் போதும் என்றேன்.

என் வீட்டுக்காரர் துரைசிங், துறைமுக ரோட்டில் லாரி எடை மேடையில் வேலை பார்க்கிறவர், லெந்துக்காக மீனை விட்டுவிட்டார். தூத்துக்குடியில் இருந்துகொண்டு மீனை விடுவது லேசா? மத்தியானம் அவர் முகத்தைப் பார்த்திருந்தால் மீனுக்கே இரக்கம் வந்திருக்கும்.

பிப்ரவரி 26, ஞாயிறு

இன்று ஆராதனை முடிந்ததும் சீட்டுப் போட்டார்கள்.

பெரிய வெள்ளியன்று மத்தியானம் பன்னிரண்டு முதல் மூன்று வரை, சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளை எங்கள் சபையில் ஏழு பேர் பேசுவார்கள். இரண்டாம் வார்த்தை, பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்குப் பரதீசு கிடைத்தது, பதினாலு வருடமாக என் வீட்டுக்காரருடையது. “நான்தான் அந்தக் கள்ளன்” என்று ஆரம்பிப்பார். குடித்த கதை, அடித்த கதை எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் அந்த இடத்துக்கு வருவார்: “பாட்டிலும் கையுமாக வீட்டுக்குள் நுழைகிறேன். என் மனைவி கட்டிலோரம் முழங்காலில் நிற்கிறாள். எனக்காக ஜெபிக்கிறாள். அந்தக் காட்சி என்னை உடைத்தது.” அந்த இடம் வருவதற்குள் கிளாரா டீச்சர் கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்திருப்பார். வெளியூர்க் கூட்டங்களுக்கும் இவரைக் கூப்பிட்டுப் போவார்கள். பதினேழு வருடமாக ஒரு சொட்டு தொட்டதில்லை, அது சத்தியம்.

இந்த வருடம் எல்லாருக்கும் வாய்ப்பு கிடைக்கட்டும் என்று போதகரம்மா பெயர்களைக் காணிக்கைப் பையில் போட்டுக் குலுக்கினார். பெண்கள் சங்கத்துக் கிருபாவதி என்னைக் கேட்காமலே என் பெயரையும் எழுதிப் போட்டிருக்கிறாள். நான்காம் வார்த்தைக்கு என் பெயர் வந்தது. ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்கிற வார்த்தை.

இவருக்கு ஒன்றும் விழவில்லை. “ஆண்டவர் சித்தம்” என்று சிரித்தார். வெளியே வந்து வண்டியை உதைத்த உதையில் சித்தம் தெரிந்தது.

பிப்ரவரி 27

பாச்சா உருண்டை ஒரு பாக்கெட் வாங்கினேன். கட்டிலுக்கு அடியில் இருக்கிற தகரப் பெட்டிக்கு. பழைய துணிதான். வருடாவருடம் போடுவது.

மார்ச் 3

இன்று சாயங்காலம் இவர் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்து நீட்டினார்.

“எப்சி, நம்ம கதைய இந்த வருஷம் நீ சொல்லு. நா சொன்னா குடிகாரன் பேச்சு. நீ சொன்னா ஜெபிச்சவ சாட்சி. எழுதித் தந்துட்டேன், நீ வாசிச்சாப் போதும்.”

வாசித்தேன். என்னைப் பற்றி நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். நான் ஒரு நாளும் முணுமுணுத்ததில்லையாம். உபவாசம் இருந்தேனாம். முழங்காலில் நின்றேனாம்.

முழங்காலில் நின்றது உண்மைதான்.

பக்கங்களை மடித்துச் சமையலறை அலமாரியில் மல்லித்தூள் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். எறும்பு வராத இடம் அது ஒன்றுதான்.

மார்ச் 9

செய்முறைத் தேர்வு முடிந்தது. இரண்டு பிப்பெட் உடைந்தது, ஒரு பெண் மயங்கி விழுந்தாள். காலையில் சாப்பிடவில்லையாம். என் டிபன் டப்பாவைக் கொடுத்தேன். ஆண்டவர் பேசியது எதுவும் இல்லை.

மார்ச் 12, ஞாயிறு

போதகரம்மாவிடம் என் வார்த்தையைப் பற்றிக் கேட்டேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். மூன்றாம் நாள் எழுந்திருக்கப் போவது இயேசுவுக்கே தெரியுமே, பிறகு எதற்காகக் கைவிட்டீர் என்று கேட்க வேண்டும்?

“எனக்கும் தெரியலக்கா” என்றார். பதில் தெரியாத போதகரை இப்போதுதான் பார்க்கிறேன். கொஞ்சம் பிடித்துப் போனது. “ஆனா ஒண்ணு. சுவிசேஷம் எழுதினது நாலு பேரு. அந்தக் கதறல ரெண்டு பேரு எழுதியிருக்காங்க, ரெண்டு பேரு விட்டுட்டாங்க. விட்டவங்க பொய் சொல்லல. ஆனா எழுதினவங்க எழுதாம இருந்திருந்தா, கைவிடப்பட்டவங்க போய் நிக்கதுக்கு வேதத்துல ஒரு இடம் இல்லாமப் போயிருக்கும்.”

“கதையோட முடிவு நல்லாருந்தா நடுவுல உள்ளதச் சொல்லணுமாம்மா?”

“நடுவுல உள்ளவங்களுக்கு முடிவு தெரியாதேக்கா” என்றார்.

வீட்டுக்கு வந்து வாழைக்காய் பொரித்தேன். மீனைப் போலவே மசாலா தடவி. இவர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

மார்ச் 15

இன்று வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் முறை. முப்பது பேருக்குச் சுண்டல், சுக்குக் காப்பி. ஆசீர்வாதம் முடிந்ததும் யாரோ கேட்க, இவர் கதையைச் சொன்னார். பெரிய வெள்ளிக்கு இடமில்லாமல் போனதால் இன்னும் உருக்கமாக வந்தது. முழங்கால் வந்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கரண்டியைப் பார்த்தேன்.

கூட்டம் கலைந்ததும் டம்ளர் கழுவ மெர்லின் வந்தாள். மூன்றாம் தெருவில் இருக்கிற பெண். கல்யாணமாகி நாலு வருடம் இருக்கும், குழந்தை இல்லை. குழாயடியில் சேலையை ஒதுக்கியபோது முழங்கைக்கு மேலே ஒரு நீலத் தடம் தெரிந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

“அக்கா, நீங்க எத்தன நாளு முழங்கால்ல நின்னிய?”

நான் ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

“எனக்கு மூணு வருஷமாவுது. எங்கம்மாட்ட சொன்னா, எப்சிபாவப் பாரு, அவ மாதிரி பொறுமையா ஜெபிக்கணும், விட்டுட்டு வந்துராதங்காவ. நானும் நிக்கேன்க்கா. ஒவ்வொரு நாளும் நிக்கேன். என் ஜெபத்துல என்னக்கா கொற?”

மிச்சமிருந்த சுண்டலை ஒரு டப்பாவில் போட்டு அவளிடம் கொடுத்தேன். அவள் அழுதுகொண்டு கேட்டதற்கு நான் கொடுத்தது சுண்டல்.

மார்ச் 17

வெட்கமாக இருக்கிறது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 19, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். பேச வருமோ வராதோ, எழுத வரும்.

2005 நவம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் இவர் எங்கள் மகள் பியூலாவின் பள்ளிக்கூடப் பையைச் சுவரில் எறிந்தார். அவளுக்கு அப்போது ஐந்து வயது. அதுவரைக்கும் அடி என்னோடு நின்றிருந்தது. அன்று காலை நான் ஆண்டவரிடம், இனிமேல் உம்மோடு பேச மாட்டேன் என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுப் பெட்டியில் துணி அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் மறைத்து வைத்தேன். எனக்கு மூன்று சேலை, பியூலாவுக்கு நாலு கவுன், என் சர்டிபிகேட்டுகள். நாலு மணி பஸ்ஸுக்குச் சாத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போவதாக இருந்தேன். இவர் ஆறு மணிக்கு முன் வரமாட்டார் என்று கணக்கு.

மூன்று மணிக்கே வந்துவிட்டார். அந்தச் சமயம் நான் கட்டிலோரம் முழங்காலில் நின்று, கட்டிலின் காலில் மாட்டிக்கொண்ட பெட்டியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியிருந்தது பாரத்தால்.

அவர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த பாட்டிலைக் கொண்டுபோய்ப் புறவாசல் சாக்கடையில் கொட்டினார். தரையில் உட்கார்ந்து, “எனக்காவா ஜெபிச்ச? எனக்காவா?” என்று கேட்டு அழுதார். அந்த மாதிரி ஒரு ஆண் அழுது நான் பார்த்ததில்லை. இல்லை, ஊருக்குப் போகிறேன் என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினேன். ஒரு வாரம் பார்ப்போம் என்று நினைத்தேன்.

அந்த ஒரு வாரம்தான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. பெட்டி அப்படியேதான் இருக்கிறது. அந்த மூன்று சேலை, நாலு கவுன். சர்டிபிகேட்டை மட்டும் பதவி உயர்வுக்காக ஒரு தடவை எடுத்துவிட்டுத் திரும்ப அதிலேயே வைத்தேன்.

உண்மையைச் சொன்னால் இவருக்குக் காலூன்ற இடம் போய்விடும். நான் முழங்காலில் நின்றேன் என்ற அந்த ஒரு காட்சியின் மேல்தான் இந்த மனுஷன் குடிக்காமல் நிற்கிறார். சொல்லாவிட்டால் மெர்லின் அடி வாங்கிக்கொண்டு, தன் ஜெபத்தில் குறை தேடிக்கொண்டிருப்பாள். லேபிள் தப்பான பாட்டிலை நான் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் கூட விட்டுவைத்ததில்லை.

மார்ச் 26, ஞாயிறு

சபையில் சொல்வதற்கு முன் வீட்டில் சொல்ல வேண்டும். மத்தியானம் சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னேன். நல்ல நேரம் பார்த்தால் வாய் வராது.

“ஏங்க, நீங்க எழுதித் தந்தத நான் வாசிக்க மாட்டேன்.”

“ஏன், நீளமா இருக்கோ?”

“அன்னைக்கு நான் ஜெபிக்கல. பெட்டிய இழுத்துக்கிட்டு இருந்தேன். பியூலாவக் கூட்டிக்கிட்டு சாத்தூருக்குப் போக.”

சோற்றைப் பிசைந்த கை நின்றது. “மோர் இருக்கா?” என்றார். மோர் ஊற்றிச் சாப்பிட்டார். கை கழுவினார். வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஆறு மணிக்குத்தான் வந்தார். செருப்பு நிறைய கடற்கரை மண். வேறொன்றும் இல்லை.

மார்ச் 27

‘வேறொன்றும் இல்லை’ என்று நேற்று எழுதியது எனக்கே உறுத்துகிறது. இவ்வளவு எழுதிய பிறகு இதை மட்டும் எதற்கு மறைக்க வேண்டும்?

பதினேழு வருடமாக இவர் வேலை விட்டு வரும்போது நான் வாசலில் நிற்கிறேன். எப்சிபாவுக்குப் புருஷன் மேல் எவ்வளவு பிரியம் என்று தெருவில் சொல்வார்கள். நான் மூக்கால்தான் வரவேற்கிறேன். டீசல், வியர்வை, உப்புத் தூசி. அதற்கு மேல் குடி வாடை ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சிரிப்பேன். ஒரு நாள் கூடத் தவறியதில்லை.

மார்ச் 29

பேச்சு இல்லை. உப்பு வேண்டுமென்றால் அவரே எழுந்து எடுத்துக்கொள்கிறார்.

மார்ச் 30

கோயம்புத்தூரிலிருந்து பியூலா போன் செய்தாள். நர்ஸ் வேலை, ஷிப்ட் மாறிவிட்டதாம். என் குரலில் என்ன கேட்டாளோ, தோண்டித் துருவி எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள்.

“பெட்டியத்தான சொல்லுதிய? தெரியும்மா. என் கரடி பொம்மையும் அதுலதான் இருக்கு. நாந்தான் சேலைக்கு அடியில வச்சேன். அப்பா அழுத பெறகு கேக்கப் பயம். கேட்டா நீங்க பெட்டியத் திறந்து, ஞாபகம் வந்து, போயிருவியளோன்னு.”

ஐந்து வயதுக் குழந்தை அவ்வளவு யோசித்திருக்கிறாள். நான் போனை வைத்துவிட்டு அழுதேன். போய்ப் பார்த்தேன். மூன்றாவது சேலைக்கு அடியில் கரடி இருந்தது. வருடாவருடம் மேலாக உருண்டையைப் போட்டு மூடியிருக்கிறேன், ஒரு தடவை கூட அடிவரைக்கும் கையை விட்டதில்லை.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

ஆராதனையில் கொடுத்த குருத்தோலையைச் சிலுவையாக மடித்தபடி அடுக்களை வாசலில் வந்து உட்கார்ந்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு வாய் திறந்தார்.

“அன்னைக்கு நா பெட்டியப் பாத்தேன் எப்சி.”

நான் வெங்காயத்தைக் கீழே வைத்தேன்.

“பாதி வெளிய இருந்துச்சு. பியூலா கவுனு ஒண்ணு மூடில மாட்டித் தொங்கிச்சு. பாத்தேன். அழுதது அதுக்குத்தான். இவ போவப் போறான்னு. ஆனா வாயில வந்தது ‘எனக்காவா ஜெபிச்ச’ன்னு. நீயும் இல்லன்னு சொல்லல. அத அப்படியே பிடிச்சுக்கிட்டேன்.”

“சபையில ஏன் அப்படிச் சொன்னிய?”

“மொத தடவ சாட்சி சொல்லும்போது, பொண்டாட்டி விட்டுட்டுப் போவப் பாத்தான்னு சொன்னா ஒன்னையத்தான பேசுவாவ? அதான் பெட்டிய விட்டுட்டேன். பெறகு சொல்லிச் சொல்லி பெட்டியே மறந்து போச்சு. சத்தியமா மறந்துட்டேன். போன வாரம் நீ சொன்ன பெறகு கடக்கரையில உக்காந்துதான் அந்தக் கவுனு ஞாபகம் வந்துச்சு. மஞ்சக் கவுனு.”

மஞ்சள்தான்.

“அந்தத் துணியெல்லாம் என்ன பண்ணுன?”

“பெட்டியில இருக்கு.”

“இப்பவுமா?”

தலையாட்டினேன். நான் ஜெபிக்கவில்லை என்றபோது மோர் கேட்ட மனுஷனுக்கு இது தாங்கவில்லை. மடித்த ஓலையைப் பிரித்து மறுபடியும் மடித்தார். “சரிதான்” என்றார். “சரிதான். நா கொடுத்த அடிக்கு அது இருக்க வேண்டியதுதான்.”

பிறகு எழுந்து போகும்போது சொன்னார்: “வெள்ளிக்கிழம பெட்டியோட சொல்லு. நா முன்னால உக்காந்திருப்பேன்.”

இன்று ஆண்டவர் என்னோடு பேசியிருக்கலாம். நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

கூட்டம் நிரம்பி வழிந்தது. நடு மின்விசிறி ஓடவில்லை. இவர் மூன்றாவது வரிசையில், நடுவில் இருந்தார். மெர்லின் பெண்கள் பக்கம் தூணோரம் இருந்தாள்.

என் முறை வந்தது. தாள் எடுத்துப் போகவில்லை. நடந்ததைச் சொன்னேன். பையை எறிந்ததை, பஸ் நேரத்தை, பெட்டி மாட்டிக்கொண்டதை. “நீங்க பதினாலு வருஷமா கேட்ட கதையில நான் முழங்கால்ல நிப்பேன். நின்னேன். ஆனா ஜெபிக்கல. நான் அன்னைக்குக் கடவுளோட பேச்ச விட்டிருந்தேன். ஏன் கைவிட்டீர்னு கேக்கக்கூட இல்ல. எனக்குப் பதிலா ஒருத்தர் சிலுவையில கேட்டிருக்கார். அந்த இடத்துலதான் நான் நிக்கேன்.”

அதோடு முடிக்கத்தான் நினைத்திருந்தேன். தூணோரம் பார்த்துவிட்டேன். “இங்க யாராவது அடி வாங்கிக்கிட்டு, என் ஜெபம் பத்தலையோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தா, என்னைப் பாத்து அப்படி நெனைக்காதீங்க. நான் போகத்தான் கெளம்பினேன். போறதும் பாவம் இல்ல.”

உட்கார்ந்தேன். பாட்டைத் தொடங்க வேண்டியவர்கள் தொடங்க மறந்துவிட்டார்கள். கிளாரா டீச்சரின் கைக்குட்டை மடித்தபடியே இருந்தது.

மூன்று மணிக்குக் கஞ்சி ஊற்றும் வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார்: “வீட்டு விஷயத்தையெல்லாம் கோயில்ல கொண்டாந்து…” எனக்குப் பின்னால் நின்ற இவர் சொன்னார்: “அண்ணாச்சி, இத்தன வருஷம் நா பாதிய கொண்டாந்தேன். அவ மீதியக் கொண்டாந்திருக்கா. கஞ்சியக் குடிங்க.”

மெர்லினைக் காணவில்லை. கஞ்சி குடிக்காமலே போய்விட்டாள்.

ஏப்ரல் 8, சனி

காலை பத்து மணிக்கு மெர்லின் வந்தாள். கையில் ஒரு துணிக்கடைப் பை, அதுவும் ஓரம் கிழிந்தது.

“அக்கா, கோயில்பட்டியில எங்கண்ணன் வரச் சொல்லிட்டான். அம்மாவுக்கும் நானே போன் பண்ணி, எப்சிபா அக்காவே சொல்லிட்டாவன்னு சொன்னேன். அந்தப் பெட்டி சும்மாதான இருக்கு?”

நான் பதில் சொல்வதற்குள் இவர் உள்ளே போனார். கட்டிலோரம் முழங்காலில் நின்று, கையை நீட்டி, கண்ணை இறுக்கிக்கொண்டு இழுத்தார். அதே காலில் மாட்டியது. “இந்தக் கட்டில மொதல்ல மாத்தணும்” என்று முனகினார். யாராவது வாசலில் நின்று பார்த்திருந்தால் மனுஷன் உருகி ஜெபிக்கிறார் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சேலைகளையும் கவுன்களையும் எடுத்துவிட்டு அவள் துணியை அடுக்கினேன். கரடியையும் சர்டிபிகேட்டுகளையும் அலமாரியில் வைத்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும், “சாயங்காலம் அவ புருஷன் பயலப் போய்ப் பாத்துட்டு வாரேன். சாட்சி சொல்ல இல்ல. சும்மா பக்கத்துல உக்காந்திருக்க. என் பக்கத்துல யாரும் உக்காரல” என்றார்.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை. பிறகு மீன் குழம்பு. இவர் நாலு துண்டு சாப்பிட்டார்.

ஏப்ரல் 10, திங்கள்

லெந்து முடிந்துவிட்டது, நோட்டை மூடிவைக்கலாம். ஆனால் பக்கம் மிச்சம் இருக்கிறது, எழுத விஷயமும் இருக்கிறது.

மெர்லின் போன் செய்தாள். நன்றாகத் தூங்கினாளாம், பகல் பதினோரு மணி வரைக்கும். மஞ்சள் கவுனைத் துவைத்துக் கொடியில் போட்டேன். பெட்டி இருந்த இடத்தைப் பெருக்கித் துடைத்தேன்.

சாயங்காலம் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தபோது வண்டிச் சத்தம் கேட்டது. வண்டி நின்றதும் கேட்டது. நான் கிண்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் வாசலில் சத்தமே இல்லை. பிறகு அடுக்களை நிலையில் வந்து நின்றார். என்னையே பார்த்தார்.

“என்ன, இன்னைக்கு வாசல்ல ஆளக் காணும்?”

“குழம்பு அடிப்பிடிச்சிரும்” என்றேன்.

நான் எதற்காக வாசலில் நிற்கிறேன் என்று பதினேழு வருடமாக அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போய், இரண்டு தட்டை எடுத்து வைத்தார்.